நாய்த் தீவுக்கு மறுபிறவி

"நாய்த் தீவு" என்று ஓர் ஊருக்குப் பெயர் வைத்தால் அங்கே குடியேற யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் லண்டன் மாநகரத்தின் கிழக்குப் பக்கத்தில் அந்தப் பெயரோடு ஓர் இடம் இருக்கத்தான் இருக்கிறது. அந்தக் காலத்து அரசர்கள் தங்கள் வேட்டை நாய்களை அங்கே கட்டி வைத்திருந்தபடியால் வந்த பெயர் என்று சிலர் சொல்கிறார்கள். பெயர் எப்படி வந்ததாயினும், இன்று அந்த நாய்த் தீவில் சிறியதொரு வீடு வாங்க நினைத்தாலும், நம்மைப் போன்ற குடும்பஸ்தர்கள் ஆயுள் முழுவதும் சம்பாதித்ததைக் கொண்டு போய்க் கொட்ட வேண்டியிருக்கும். வானத்தை முட்டும் கண்ணாடி மாளிகைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. உலகத்துப் பெரிய பாங்கிகள் அங்கே கடை விரித்திருக்கின்றன.

1981-ம் வருஷத்தில் இதே இடத்தைப் பார்த்தவர்கள் வேறு காட்சியைக் கண்டார்கள். கூரை இழந்த பண்டகசாலைகள், துருப்பிடித்த பாரந்தூக்கிகள், கப்பல் வராத குளங்கள், வேலை போன மனிதர்கள். இரண்டு நூற்றாண்டுகளுக்குள் இந்த ஊர் பிறந்து, கொழித்து, மடிந்து, மறுபடியும் பிறந்திருக்கிறது. ஆனால் மறுபடி பிறந்தது அதே ஊர்தானா, அல்லது பழைய ஊர் இருந்த இடத்தில் வேறோர் ஊர் வந்து உட்கார்ந்துகொண்டதா என்பதுதான் கேள்வி. அதை விசாரிப்பதற்காகவே நேயர்களை அங்கே அழைத்துச் செல்கிறோம்.

குளம் வெட்டிய கதை

தேம்ஸ் நதி லண்டன் நகரைத் தாண்டிக் கடலை நோக்கிச் செல்லும் வழியில் ஓரிடத்தில் பாம்பு போல் வளைந்து திரும்புகிறது. அந்த வளைவுக்குள் அகப்பட்ட நிலமே நாய்த் தீவு. சரியாகச் சொன்னால் அது தீவல்ல. மூன்று பக்கம் நதி, ஒரு பக்கம் நிலம். 18-ம் நூற்றாண்டின் முடிவு வரையில் மாடு மேயும் சதுப்பு நிலமாகவே பெரும்பாலும் இருந்து வந்தது.

அப்போது லண்டனுக்கு வந்த கப்பல்கள் நடு ஆற்றிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்கைத் தோணிகளில் இறக்கிக் கரை சேர்க்க வேண்டும். வாரக் கணக்காகக் காத்திருப்பது சகஜம். அதற்குள் சர்க்கரைப் பீப்பாயும் ரம் பீப்பாயும் இரவோடிரவாக மாயமாய் மறைந்துவிடும். இந்தத் திருட்டை அடக்குவதற்காகவே 1798-ம் வருஷத்தில் வாப்பிங் என்னுமிடத்தில் ஆற்றுப் போலீஸ் படை ஒன்றை ஏற்படுத்தினார்கள். வியாபாரிகளுக்கு அதுவும் போதவில்லை. ராபர்ட் மில்லிகன் என்பவரும் அவருடைய சகாக்களும் பார்லிமெண்டில் சட்டம் பெற்றுக்கொண்டு நாய்த் தீவின் குறுக்கே பிரம்மாண்டமான கப்பல் துறை ஒன்றை வெட்டினார்கள். 1802-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் "மேற்கிந்திய டாக்" திறக்கப்பட்டது.

"டாக்" என்பதை, மதகு வைத்த பெரிய குளம் என்று நினைத்துக்கொண்டால் பிழையில்லை. ஆற்றோரமாக ஆழமாய் வெட்டி, நான்கு புறமும் சுவரெடுத்து, வாயிலில் கதவு போட்ட குளம். தேம்ஸ் நதியில் கடலின் ஏற்ற வற்றம் உண்டு. ஆற்றில் நீர் இறங்கினாலும் மதகுக் கதவை மூடிவிட்டால் குளத்துக்குள் நீர் இறங்காது. கப்பல் ஆடாமல் அசையாமல் கரையோடு ஒட்டி நிற்கும். சரக்கை நேரே பண்டகசாலையில் இறக்கிவிடலாம். இறக்குமதிக்கென்று வெட்டிய குளம் மட்டும் 30 ஏக்கர். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து லண்டனுக்கு வரும் சரக்கையெல்லாம் 21 வருஷங்களுக்கு இங்கேதான் இறக்க வேண்டும் என்று சட்டமும் செய்துகொண்டார்கள்.

அந்தச் சரக்கு என்ன? சர்க்கரை, ரம், காப்பி. அவற்றை விளைவித்தவர்கள் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியிட்டுக் கொண்டுபோகப்பட்ட அடிமைகள். மில்லிகன் 1809-ம் வருஷத்தில் இறந்தபோது ஜமைக்காத் தோட்டங்களில் அவருக்குச் சொந்தமாக 500-க்கு மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். லண்டன் சீமாட்டிகள் தேநீரில் கலக்கிக் குடித்த தித்திப்புக்கு அவர்கள் விலை கொடுத்தார்கள்.

அந்தத் தேநீரின் கதை நமக்கு இன்னும் நெருங்கியது. மேற்கிந்திய டாக் திறந்து நான்கு வருஷங்களுக்கெல்லாம், 1806-ல், சற்றுக் கிழக்கே பிளாக்வால் என்னுமிடத்தில் "கிழக்கிந்திய டாக்" திறக்கப்பட்டது. சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் சீன தேசத்திலிருந்தும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஓடிய பெரிய கப்பல்கள் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. மிளகும் அவுரியும் பட்டும் தேயிலையும் அந்தக் குளக்கரையில் இறங்கிப் பூட்டுப் போட்ட வண்டிகளில் நகரத்துக் கிடங்குகளுக்குச் சென்றன. அந்தக் குளத்தில் பெரும்பகுதியை இன்று தூர்த்து மேலே கட்டிடம் கட்டிவிட்டார்கள். ஆனால் புதிய தெருக்களுக்கு வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள்: குங்குமப்பூச் சாலை, ஜாதிக்காய்ச் சந்து, கிராம்புத் தெரு, கொத்துமல்லிச் சாலை! நம் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து தெருத் தெருவாகக் கொட்டியதுபோல் இருக்கிறது. மணம் மட்டும் இல்லை.

சுவருக்கு உள்ளே, சுவருக்கு வெளியே

கப்பல் துறைகளைச் சுற்றிலும் ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு உயரமாக மதில் எழுப்பினார்கள். பொருள் உள்ளே, ஏழைகள் வெளியே என்பதே அந்த மதிலின் அர்த்தம்.

வெளியே தள்ளுவது என்பதும் வெறும் பேச்சல்ல. 1828-ம் வருஷத்தில் லண்டன் டவர் கோட்டைக்குப் பக்கத்தில் செயிண்ட் காதரின் டாக் கட்டினார்கள். அதற்காகச் சுமார் 1,250 வீடுகளை இடித்தார்கள். 12-ம் நூற்றாண்டிலிருந்து அங்கிருந்த ஒரு தர்ம ஸ்தாபனமும் அதன் கோயிலும் இடிபட்டன. வீடிழந்தவர்கள் சுமார் 11,300 பேர். நிலச் சொந்தக்காரர்களுக்கு நஷ்டஈடு கிடைத்தது. வாடகைக்கு இருந்த ஏழைகளுக்குத் தெருதான் கிடைத்தது. இந்த எண்ணை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் தேவைப்படும்.

உள்ளே வேலை செய்யப் போனவர்களின் கதியும் பெருமைப்படும்படியாக இல்லை. காலையில் துறை வாயிலில் நூற்றுக்கணக்கானவர்கள் கூடி நிற்பார்கள். மேஸ்திரி வந்து கை காட்டும் சிலருக்கு மட்டும் அன்று வேலை உண்டு. மற்றவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும். வேலை கிடைத்தவனுக்கும் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டால் அந்தக் கூலிதான். 1889-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இந்த ஜனங்கள் பொறுத்தது போதும் என்று எழுந்தார்கள். பென் டில்லெட், ஜான் பர்ன்ஸ், டாம் மான் ஆகிய தலைவர்கள் முன் நின்றார்கள். மணிக்கு ஆறு பென்னி கூலி, கூப்பிட்டால் குறைந்தது நாலு மணி வேலை, இவைதான் முக்கியமான கோரிக்கைகள். ஐந்து வாரம் துறைமுகம் முடங்கிக் கிடந்தது. ஆஸ்திரேலியாத் தொழிலாளர்கள் 30,000 பவுனுக்கு மேல் அனுப்பி வைத்தார்கள். கத்தோலிக்க மதகுருவான கார்டினல் மானிங் நடுவில் நின்று சமரசம் செய்தார். ஆறு பென்னி கிடைத்தது. கூலி வேலைக்காரர்களாலும் சங்கம் வைத்து ஜயிக்க முடியும் என்பதை உலகத்துக்குக் காட்டிய போராட்டங்களில் இது ஒன்று.

இந்தத் துறைகளில் நம் தேசத்து ஜனங்களும் இருந்தார்கள். கம்பெனிக் கப்பல்களிலும் பின்னால் நீராவிக் கப்பல்களிலும் வேலை செய்த "லஸ்கர்" மாலுமிகள் அவர்கள். வெள்ளைக்கார மாலுமிக்குக் கொடுத்த சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான் அவர்களுக்கு. கப்பல் லண்டனில் இறக்கிவிட்டுப் போய்விட்டால் அடுத்த கப்பல் கிடைக்கும் வரையில் குளிரில் நடுங்கிக்கொண்டு தெருவில் திரிவார்கள். அவர்கள் படும் பாட்டைக் கண்டு மனமிரங்கிய சிலர் 1857-ம் வருஷத்தில் லைம்ஹவுஸ் பகுதியில் ஆசியாக்காரர்களுக்கென்று ஒரு விடுதி ஏற்படுத்தினார்கள். ராஜ்யத்தை இழந்து இங்கிலாந்தில் வாழ்ந்த பஞ்சாப் மகாராஜா துலீப் சிங்கும் அதற்கு நன்கொடை கொடுத்தார்.

மகாத்மா நடந்த தெருக்கள்

இந்தக் கிழக்கு லண்டனுக்கு 1931-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் மகாத்மா காந்தி வந்தார். இரண்டாவது வட்டமேஜை மகாநாட்டுக்கு வந்தவரைப் பெரிய ஹோட்டல்களில் தங்க வைக்க ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் போய்த் தங்கிய இடமோ போ என்னும் பேட்டையில் மூரியல் லெஸ்டர் அம்மையார் ஏழைகளுக்காக நடத்திவந்த கிங்ஸ்லி ஹால். துறைமுகத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் நெருங்கி வாழ்ந்த தெருக்களில் அவர் விடியற்காலையில் நடந்து போவார். குழந்தைகள் "காந்தி மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னால் ஓடும். மகாநாடு நமக்கு ஒன்றும் தரவில்லை. ஆனால் அந்தத் தெருக்களின் அன்பு நிஜமானது.

செப்டம்பர் 22-ந் தேதி, ராயல் டாக்குகளை அடுத்த கானிங் டவுனில் ஓர் இந்திய டாக்டரின் வீட்டில் அவரைச் சினிமா நடிகர் சார்லி சாப்ளின் சந்தித்தார். வாசலில் ஜனக் கூட்டம் அலைமோதியது. சாப்ளின் ஒரு சந்தேகம் கேட்டார்: இந்தியாவின் சுதந்தரத்தை ஆதரிக்கிறேன், ஆனால் தாங்கள் யந்திரத்தை வெறுப்பது ஏன்? யந்திரம் மனிதனுடைய உழைப்பைக் குறைத்து ஓய்வு தராதா? யந்திரத்தின் பேரால் நம் தேசம் இங்கிலாந்துக்கு அடிமைப்பட்டிருக்கிறது, அந்தக் கட்டு முதலில் அறவேண்டும் என்ற கருத்தை மகாத்மா விளக்கினார். கப்பல் துறைக்கு மிக அருகில் நடந்த இந்தச் சம்பாஷணைக்கு அந்தத் துறையே நாற்பது வருஷத்துக்குள் ஒரு பதில் சொல்லப் போகிறது என்று அன்று யாருக்குத் தெரியும்?

அக்கினி மழை

1940-ம் வருஷம் செப்டம்பர் 7-ந் தேதி சனிக்கிழமை மாலை ஜெர்மன் விமானங்கள் கூட்டம் கூட்டமாக வந்து கிழக்கு லண்டன் மேல் குண்டு பொழிந்தன. கப்பல் துறைகள்தாம் முக்கியமான இலக்கு. மரக் கிடங்குகள் காடுபோல் பற்றி எரிந்தன. ரம் பீப்பாய்கள் வெடித்தன. உருகிய சர்க்கரை நீரின்மேல் தீயாக மிதந்தது. மிளகுக் கிடங்கு எரிந்த புகையில் தீயணைக்கப் போனவர்கள் மூச்சுத் திணறினார்கள். அன்று தொடங்கி 57 நாள் தொடர்ந்து லண்டன் மீது குண்டு விழுந்தது. அதிகமாக இடிந்தவை துறைமுகத் தொழிலாளரின் சிறு வீடுகள்.

அப்படியும் துறைமுகம் மடியவில்லை. யுத்தம் முடிந்ததும் இடிபாடுகளைச் சரி செய்துகொண்டு எழுந்தது. 1960-களின் முற்பகுதியில் லண்டன் துறைமுகம் அதுவரை கண்டிராத அளவு சரக்கைக் கையாண்டது. தந்தை துறையில் வேலை செய்தால் மகனும் அங்கேதான்; அண்ணன் தம்பி, மாமன் மைத்துனன் எல்லோரும் அங்கேதான். நாய்த் தீவில் ஒருவர் வீட்டுக் கல்யாணம் என்றால் தெரு முழுவதற்கும் கல்யாணம்தான். யுத்தத்தின் தீயில் வேகாத அந்த வாழ்வு சமாதான காலத்தில் ஒரு பெட்டியினால் போயிற்று.

பெட்டி வந்தது

1956-ம் வருஷத்தில் அமெரிக்காவில் மால்கம் மக்லீன் என்ற லாரி முதலாளி ஒரு யுக்தி செய்தார். லாரியில் ஏற்றிய சரக்கை மூட்டை மூட்டையாக இறக்கிக் கப்பலில் ஏற்றுவானேன்? சரக்கிருக்கும் பெட்டியையே தூக்கிக் கப்பலில் வைத்துவிட்டால் என்ன? "ஐடியல் எக்ஸ்" என்ற கப்பல் 58 பெட்டிகளுடன் நூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. "கண்டெயினர்" என்ற அந்த இரும்புப் பெட்டி பதினைந்து வருஷங்களுக்குள் உலகத்துத் துறைமுகங்களின் தலையெழுத்தை மாற்றிவிட்டது. நூறு பேர் ஒரு வாரம் இறக்கிய சரக்கைச் சில பேர் யந்திரத்தின் உதவியால் ஒரே நாளில் இறக்கிவிடலாம் என்றாகிவிட்டது.

பெட்டிக் கப்பல்கள் பெரியவை. 19-ம் நூற்றாண்டின் குறுகலான மதகுகளில் அவை நுழையா. பெட்டிகளை அடுக்கி வைக்கப் பரந்த வெளி வேண்டும். நகரத்தின் நெரிசலில் அதற்கு இடமேது? லண்டன் பாலத்திலிருந்து ஆற்றோடு சுமார் 25 மைல் கீழே இருக்கும் டில்பரிக்கும், கடலோரத்திலிருக்கும் பெலிக்ஸ்டோவுக்கும் வியாபாரம் நகர்ந்தது. சாம்ராஜ்யமும் சுருங்கிவிட்டது. உலகத்துச் சரக்கெல்லாம் லண்டனுக்கு வந்து, அங்கே தரம் பிரித்து, அங்கிருந்து மறுபடி உலகத்துக்குப் போகும் காலம் மலையேறிவிட்டது.

குளங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1967-ல் கிழக்கிந்திய டாக். 1968-ல் செயிண்ட் காதரின். 1969-ல் வாப்பிங்கின் லண்டன் டாக். 1970-ல் ஸர்ரே. 1980-ல் மேற்கிந்திய டாக்கும் மில்வாலும். 1981-ல் ராயல் டாக்குகள். பதினான்கே வருஷத்தில் எல்லாம் தீர்ந்தது. குளங்களோடு போனது மூட்டை தூக்கும் வேலை மட்டுமல்ல. கயிறு திரிப்பவர், பீப்பாய் செய்பவர், வண்டிக்காரர், கப்பல் பழுது பார்ப்பவர், தொழிலாளர் சாப்பிடும் ஓட்டல்காரர் யாவருக்கும் பிழைப்புப் போயிற்று. யந்திரம் உழைப்பைக் குறைத்து ஓய்வு தருமே என்று சாப்ளின் கேட்டாரல்லவா? ஓய்வு வந்தது. ஆனால் அது கூலி இல்லாத ஓய்வு.

ஜனங்கள் வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை. 1970-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் நாய்த் தீவுவாசிகள் டெட் ஜான்ஸ் என்பவரின் தலைமையில் தீவுக்குள் வரும் வழிகளை மறித்துவிட்டு, "எங்கள் தீவு இன்று முதல் சுதந்தர நாடு!" என்று பிரகடனம் செய்தார்கள். உலகம் முழுவதும் பத்திரிகைகள் இந்த வேடிக்கையைப் பிரசுரித்தன. வேடிக்கைக்குள் வேதனை இருந்தது. சுமார் 10,000 பேர் வாழும் இடத்தில் சரியான பஸ் வசதி இல்லை, பெரிய பள்ளிக்கூடம் இல்லை, கவனிப்பாரில்லை. சுதந்தரப் பிரகடனம் செய்தால்தான் சர்க்கார் திரும்பிப் பார்க்கும் என்பது நம் தேசத்தாருக்குத் தெரியாத ரகசியமல்ல!

ஐம்பது மாடி

1981-ம் வருஷத்தில் மைக்கேல் ஹெசல்டைன் என்ற மந்திரியின் முயற்சியால் லண்டன் டாக்லண்ட்ஸ் அபிவிருத்திக் கார்ப்பொரேஷன் ஏற்பட்டது. சுமார் எட்டரைச் சதுர மைல் பிரதேசம் அதன் வசம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை, ஜனங்கள் வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஸ்தல கவுன்சில்களிடமிருந்து எடுத்து, சர்க்கார் நியமித்த இந்தக் கார்ப்பொரேஷனிடம் கொடுத்தார்கள். 1982-ல் நாய்த் தீவின் ஒரு பகுதியில் முதல் போடுகிறவர்களுக்குப் பத்து வருஷம் ஸ்தல வரி கிடையாது என்று அறிவித்தார்கள். 1987-ல் டிரைவர் இல்லாமலே ஓடும் சின்ன ரயில் வந்தது. அதே வருஷத்தில் இரண்டு ராயல் டாக்குகளுக்கு நடுவிலிருந்த திட்டில் விமான நிலையம் திறந்தார்கள். குளங்களைத் தூர்க்காமல் விட்டது அந்தக் காலத்தில் செய்த புத்திசாலித்தனங்களில் ஒன்று. இன்று அந்த நீர்தான் அந்த இடத்துக்கு அழகு.

மேற்கிந்திய டாக்கில் கானரித் தீவுகளிலிருந்து பழம் வந்து இறங்கிய ஒரு கப்பல் மேடைக்கு "கானரி வார்ஃப்" என்று பெயர். அந்த இடத்தைக் கனடா தேசத்து ரைக்மன் சகோதரர்களின் கம்பெனி எடுத்துக்கொண்டு 50 மாடிக் கோபுரம் ஒன்று எழுப்பியது. 1991-ல் முடிந்த அதன் உயரம் 235 மீட்டர். அப்போது பிரிட்டனிலேயே உயரமான கட்டிடம் அதுதான். ஆனால் குடியேற வேண்டிய கம்பெனிகள் தயங்கின. வாணிபத்தில் மந்தம் வந்தது. மறு வருஷமே, 1992-ல், கட்டிய கம்பெனி திவாலாயிற்று! ஐம்பது மாடியில் பாதிக்கு விளக்கு எரியவில்லை. 1996-ல் ஐரிஷ் புரட்சிக்காரர் வைத்த வெடிகுண்டு பக்கத்தில் வெடித்து இரண்டு பேரைப் பலி கொண்டது. 1999-ல் பாதாள ரயில் வந்து சேர்ந்த பிறகே கானரி வார்ஃப் காலூன்றி நின்றது.

1998-ல் கார்ப்பொரேஷன் தன் கணக்கை முடித்துக்கொண்டு கலைந்தது. அது வந்தபோது அந்தப் பிரதேசத்தில் சுமார் 27,000 பேருக்கு வேலை இருந்தது. போகும்போது சுமார் 85,000 பேருக்கு. சுமார் 39,000-மாக இருந்த ஜனத்தொகை 80,000-த்தைத் தாண்டியது. 24,000 புது வீடுகள் எழும்பின. இவை சாமான்யமான சாதனைகள் அல்ல. பாழாய்க் கிடந்த நிலம் பயன்பட்டது என்பதை எந்தக் கண்டனக்காரரும் மறுக்க முடியாது.

வாழ்வு யாருக்கு?

ஆனால் கணக்கை இன்னொரு பக்கமும் புரட்ட வேண்டும். பீப்பாய் உருட்டியவரின் மகனுக்குப் பாங்கியில் பங்கு வியாபாரம் செய்யும் உத்தியோகம் யார் கொடுப்பார்கள்? புது வேலைகளில் பெரும்பாலானவை வெளியிலிருந்து தினம் வந்து போகிறவர்களுக்கு. புது வீடுகளில் பெரும்பாலானவை பழைய குடிகளின் கைக்கு எட்டாதவை. 1984-ல் துறைமுகப் பகுதி ஜனங்கள் படகுகளில் கொடி கட்டிக்கொண்டு நதியில் பார்லிமெண்டு வரையில் ஊர்வலமாகப் போய் முறையிட்டார்கள். பெரிய மனிதர்கள் கூடிய ஒரு விழாவில் தீவுவாசிகள் ஆட்டு மந்தையையும் தேனீக்களையும் அவிழ்த்துவிட்டார்கள் என்பதும் சரித்திரம். விருந்தினர்கள் எப்படி ஓடியிருப்பார்கள் என்று நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

வேடிக்கையோடு நின்றிருந்தால் நன்றாயிருக்கும். 1993-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் நாய்த் தீவின் மில்வால் தொகுதியில் நடந்த இடைத் தேர்தலில் இனத்துவேஷத்தையே கொள்கையாகக் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டி ஏழு வோட்டு வித்தியாசத்தில் ஜயித்தது. காரணம் வீட்டுப் பஞ்சம். வீடு கிடைக்காத வெள்ளை ஏழைகளிடம், "உங்கள் வீட்டை வங்காளி ஏழைகள் பிடுங்கிக்கொண்டார்கள்" என்று அந்தக் கட்சி சொல்லிற்று. அந்த வங்காளிகளில் பலர் ஸில்ஹெட்டிலிருந்து கப்பல் வேலைக்கு வந்த லஸ்கர்களின் வழி வந்தவர்கள் அல்லது அவர்களைத் தொடர்ந்து வந்தவர்கள். ஏழையும் ஏழையும் சண்டை போட்டுக்கொண்டிருக்க, தலைக்கு மேலே ஐம்பது மாடிக் கோபுரம் விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது! ஆனால் தீவுவாசிகள் சீக்கிரமே விழித்துக்கொண்டார்கள். வெள்ளையரும் வங்காளிகளும் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். எட்டே மாதத்தில், 1994 மே மாதத் தேர்தலில், அந்தக் கட்சி தோற்றது. கானரி வார்ஃபின் ஐம்பது மாடிகளைவிட இதுவே பெரிய வேலை என்று நமக்குத் தோன்றுகிறது.

1828-ல் குளம் வெட்டுவதற்காக 11,300 பேர் தெருவில் நின்றதை மனத்தில் வைத்துக்கொள்ளும்படி சொன்னோம். 1980-களில் யாரையும் வண்டி வைத்து விரட்டவில்லை, விலைவாசி விரட்டியது. கானரி வார்ஃப் அடங்கிய டவர் ஹாம்லெட்ஸ் பேட்டை, இங்கிலாந்திலேயே வறுமையில் வளரும் குழந்தைகளின் விகிதம் மிக அதிகமாக உள்ள இடங்களில் ஒன்றாகவே பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. பழைய மதில் பெரும்பாலும் இடிந்துவிட்டது. அதன் நிழல் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது.

கோபுரங்களும் நிரந்தரமல்ல. 2020-ல் கொள்ளை நோய் வந்து, ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஜனங்கள் கண்டுகொண்டார்கள். 2002 முதல் அங்கே 45 மாடிக் கட்டிடத்திலிருந்த ஹெச்.எஸ்.பி.ஸி. பாங்கி, அதை விட்டுப் பழைய நகரத்துக்கே திரும்பப் போவதாக 2023-ல் அறிவித்தது. கப்பலை மட்டும் நம்பிய ஊர் கப்பல் போனதும் விழுந்தது. பாங்கியை மட்டும் நம்பும் ஊருக்கு இது எச்சரிக்கையல்லவா? அதை உணர்ந்துதான் இப்போது அங்கே குடியிருப்பு வீடுகளுக்கும் விஞ்ஞான ஆராய்ச்சிச் சாலைகளுக்கும் இடம் செய்து வருகிறார்கள். 2022-ல் லண்டன் மேயரின் தலைமை அலுவலகமும் ராயல் டாக் கரைக்கு வந்து சேர்ந்தது.

சேற்று மேடு

இனி ரயிலேறுவோம். நகரத்தின் நடுவிலுள்ள பாங்க் ஸ்டேஷனில் ஏறி முன் வரிசையில் உட்காருங்கள். டிரைவர் இல்லாதபடியால் முன்புறக் கண்ணாடி நமக்குத்தான். குழந்தைகள் இருந்தால் அந்த இடத்துக்குப் போட்டி போடும். ஷாட்வெல், லைம்ஹவுஸ் தாண்டியதும் மேற்கிந்திய டாக் கண்ணில் படும். அதன் கரையில் அன்று சர்க்கரை அடுக்கிய செங்கற் பண்டகசாலை ஒன்றில் 2003 முதல் துறைமுகத்தின் கதையைச் சொல்லும் மியூஸியம் நடந்து வருகிறது. அடிமைகளின் கண்ணீரும் அங்கே மறைக்கப்படவில்லை. வாசலில் நின்ற மில்லிகனின் சிலையை 2020-ம் வருஷம் ஜூன் மாதத்தில் எடுத்துவிட்டார்கள்.

கோபுரங்களுக்கு நடுவே ரயில் நுழைந்து வெளியே வந்ததும் "மட்ஷூட்" என்று ஒரு ஸ்டேஷன். அங்கே இறங்கிவிடுங்கள். மில்வால் டாக்கில் தூர் எடுத்த சேற்றை அள்ளிக் கொட்டிய இடம் அது. "சேற்று மேடு" என்று சொல்லலாம். யுத்தத்தில் விமானங்களைச் சுடப் பீரங்கி வைத்திருந்த இடம். பிறகு புல் மண்டிக் கிடந்தது. 1974-ல் அங்கே அடுக்கு மாடிகள் கட்ட அதிகாரிகள் திட்டமிட்டபோது தீவுவாசிகள் திரண்டு நின்று தடுத்தார்கள். 1977 முதல் அந்த 32 ஏக்கரையும் தாங்களே தோட்டமாகவும் பண்ணையாகவும் ஆக்கிவிட்டார்கள். ஆடு, மாடு, குதிரை, வாத்து எல்லாம் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் வந்து ஆட்டுக்குத் தழை கொடுக்கிறார்கள். அவர்களில் துறைமுகத் தொழிலாளியின் பேரன் இருப்பான். ஸில்ஹெட் மாலுமியின் பேத்தி இருப்பாள்.

ஆடு மேயும் அந்தப் புல்வெளியில் நின்று வடக்கே பார்த்தால் கண்ணாடிக் கோபுரங்கள் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கின்றன. கோபுரங்களை உலகத்துப் பணம் கட்டிற்று. பணம் போக நினைத்தால் போய்விடும். சேற்று மேட்டை அந்த ஊர் ஜனங்கள் காப்பாற்றினார்கள்; அவர்கள் எங்கும் போகப் போவதில்லை. ஓர் ஊருக்கு மறுபிறவி கொடுக்கப் புறப்படுகிறவர்கள், அந்த ஊரில் ஏற்கெனவே உயிரோடிருப்பவர்களைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது உத்தமம் என்பதே நாய்த் தீவு நமக்குச் சொல்லும் சமாசாரம்.